யோகநாதன் அண்ணை திருப்பித் தந்த பங்கு

லண்டனில் மிச்சம் என்ற ஊர்த் தமிழ்க்கடையில் பால் எடுத்துக்கொண்டு நின்றபோதுதான் கடைக்கார அக்கா சொன்னார்: "தம்பி, உங்கட யோகநாதன் அண்ணை மோசம்போயிட்டார். நேற்றுத்தான் கதவை உடைச்சுப் பார்த்தவையாம். தனியத்தான் செத்துக் கிடந்தவர்." எங்களுடைய அண்ணைதான். ஆனால் நாலு வருடமாக நாங்கள் ஒருவரும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு தனி ஆள். ஞாயிறு காலைகளில் கென்ட் பக்கப் பண்ணை ஒன்றுக்கு வேட்டைக்குப் போகும் எங்கள் நால்வரில் மூத்தவர். துவக்கு லைசென்ஸும் பண்ணைக்காரரின் அனுமதியும் எல்லோருக்கும் இருந்தன. கிழமையில் அந்த ஒரு நாள்தான் அவர் வாய்விட்டுக் கதைப்பார்.

முதல் வருடமே பிழை விட்டவர் அவர்தான். காட்டு வாத்தென்று நினைத்து அயல் வீட்டு வளர்ப்பு வாத்தைச் சுட்டுவிட்டார். "பற்றைக்குள்ள எறிஞ்சுபோட்டு வாங்கோ அண்ணை" என்றோம். மனுசன் கேட்டால்தானே! இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். வீட்டுக்காரி அரை மணி நேரம் ஏசினார். திரும்பி வந்து, "ஏச்சு வாங்கினாப் பிறகுதான் மூச்சு வருது" என்று சிரித்தார்.

அதன் பிறகு என்னுடைய பிழை. கோடையில் ஆண்மானை மட்டும்தான் சுடலாம். பெண்மானுக்கு அது குட்டியோடு திரியும் காலம், சட்டமும் விடாது. நான் அவசரப்பட்டேன். புல்லுக்குள் தலை சரியாகத் தெரியமுன் விசையை அழுத்தினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கொம்பில்லை. மடியில் பால்.

அப்போதே பண்ணைக்காரரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நாங்களோ ஊர் வழக்கப்படி பங்கு போட்டோம். பொலித்தீன் விரித்து, சரிசமமாகக் குவித்து, வராத வீடுகளுக்கும் சேர்த்து ஆறு பங்கு. இறைச்சி போன வீடெல்லாம் வாய் திறக்காது என்பது எங்களுக்குத் தெரியும். யோகநாதன் அண்ணை மட்டும் குட்டியைத் தேடிப் பற்றை பற்றையாக நடந்துகொண்டிருந்தார். அது கிடைக்கவில்லை.

பின்னேரம் தன் பங்கோடு என் வாசலில் நின்றார்.

"தம்பி, இதை என்னால தின்ன ஏலாது. பண்ணைக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லு. நானும் பக்கத்தில நிக்கிறன்."

"சொன்னா லைசென்ஸ் போயிடும் அண்ணை."

"போகட்டுமன். நான் சொன்னா அது கோள். நீதான் சொல்லோணும். நீ சொல்லுமட்டும் நான் துவக்குத் தூக்க மாட்டன்."

நான் சொல்லவில்லை. அவர் வேட்டைக்கு வரவில்லை. ஏனென்று ஒருவருக்கும் வாய் திறக்கவுமில்லை. "அண்ணைக்கு இப்ப பெரிய எண்ணம்" என்று மற்ற இருவரும் நக்கலடித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். சனியன் பிடித்த சிரிப்பு! பஸ் தரிப்பிடத்தில் கண்டால் என் முகத்தையே ஆவலாகப் பார்ப்பார். சொல்லிவிட்டேனா என்றுதான் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு விலகிப் போவேன்.

செத்தவீட்டன்று காலை பண்ணைக்காரருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். அவர், இனி ஒருவரும் வரவேண்டாம், பொலிசுக்கும் அறிவிப்பேன் என்றார். மண்டபத்தில் அதைச் சொன்னதும் என் கூட்டாளிகள் இருவரும் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள். என் இரு பக்கமும் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. நாலு வருடம் அந்த மனிதர் இப்படித்தானே இருந்திருப்பார் என்று நினைத்து அழுதேன்.

கடைசியாகப் பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"அண்ணை, சொல்லிப்போட்டன். போயிட்டு வாங்கோ."