ஏத்துக்காதே

என் அக்கா பல் செய்கிறவள். பல் வைத்தியர் இல்லை. வைத்தியர் அளவெடுத்து அனுப்புவார். இவள் லேபில் உட்கார்ந்து மெழுகில் வைத்துப் பார்த்து, தேய்த்து, ஒரு முழு வாயையே உண்டாக்கிக் கொடுப்பாள். யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள். என் கல்யாணத்தன்றே காதோடு காதாகச் சொன்னாள்: "உன் மாமியாருக்கு மேல்வரிசை கட்டுப்பல்டி, கவனிச்சியா?"

இருபத்துநாலு வருஷமாக ஒரே லேப், ஒரே மேஜை. பக்கத்து மேஜைக்கு மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே முதலில் உட்கார்ந்தவள் குச்சி. ஆள் ஒல்லி, அதனால் அந்தப் பெயர். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வீட்டுக்கு வந்து அக்கா பேசுவதில் பாதி "குச்சி சொன்னா" என்றுதான் தொடங்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி இருக்கிறேனே!

அப்போது புதிதாக ஒரு இணையதளம் வந்திருந்தது. ஆளுக்கொரு பக்கம், அதில் நண்பர்கள் நம்மைப் பற்றி நாலு வரி எழுதலாம். எழுதியது முதலில் நமக்கு மட்டும் தெரியும். 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அமுக்கினால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். தனியாகச் செய்தி அனுப்ப வசதி கிடையாது. அதற்காகச் சும்மா இருப்பார்களா? ரகசியத்தையெல்லாம் அதிலேயே எழுதி, கடைசியில் 'ஏத்துக்காதே' என்று போட்டுவிடுவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த குச்சி, சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய் அக்காவுக்கு எழுதுவாள். சூப்பர்வைசரின் வழுக்கை, வீட்டுச் சண்டை, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவனின் ஓட்டைப் பல் என்று ஒன்றையும் விடமாட்டாள்.

ஒரு நாள் அவள் எழுதியது வெளியே தெரிந்துவிட்டது. 'அடுத்த மாசம் வேற லேபுக்குப் போறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத. ஏத்துக்காதே.' அக்கா கை தவறி அமுக்கிவிட்டாளாம். சூப்பர்வைசரும் நண்பர் பட்டியலில் இருந்தார். மறுநாளே குச்சியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் புது லேபுக்கும் போன் போட்டு ஏதோ சொல்ல, அதுவும் இல்லையென்று ஆனது. அக்கா அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை. அடுத்த முறை போனபோது வீடே காலி. சில வருஷத்தில் அந்த இணையதளத்தையும் இழுத்து மூடிவிட்டார்கள்.

போன மாதம் யாரோ அதை வாங்கி, அதே நீல நிறத்தில் மறுபடியும் திறந்தார்கள். பழைய கடவுச்சொல் இருந்தால் பழைய பக்கம் கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவ எழுதினதெல்லாம் இருக்கும்டி. எப்படியும் இருநூறு தேறும். ஒரு தடவை படிச்சாப் போதும்."

கடவுச்சொல் 'குச்சி'தான். நானே தட்டினேன்.

இருநூறு இல்லை. ஏற்றுக்கொண்டவற்றை மட்டுமே பாதுகாத்து வைத்திருந்தார்கள். அவள் பேச்சைக் கேட்டு அக்கா அமுக்காமல் வைத்திருந்த அத்தனையும் போய், பேச்சை மீறிய அந்த ஒன்று மட்டும் பக்கத்தில் நின்றது.

அக்கா அழவில்லை. திரையின் ஓரத்தைக் காட்டினாள். 'உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்கள்' என்ற கட்டத்தில் குச்சியின் பழைய போட்டோ, அதே தெத்துப்பல். பார்த்த தேதி முந்தாநாள்.

உடனே எழுத உட்கார்ந்தாள். என்னை எட்டிப் பார்க்க விடவில்லை. "கடைசியில ஏத்துக்காதேன்னு போட்டிருக்கேன், அவ்வளவுதான் சொல்வேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அப்புறம் தினமும் போன். "ஏதாவது வந்திருக்கா பாரு." அவளே பார்க்கலாம், தனியாகப் பார்க்கப் பயம்.

பதினோராம் நாளும் அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை. மனசு கேட்காமல் குச்சியின் பக்கத்தைத் திறந்தேன். அங்கே, எல்லோரும் பார்க்கும்படி, அக்கா எழுதியது இருந்தது.

'அன்னிக்குக் கை தவறலடி. தெரிஞ்சேதான் அமுக்கினேன். நீ போறது தெரிஞ்சா கெஞ்சி நிறுத்தி வெப்பாங்கன்னு நினைச்சேன். துரத்துவாங்கன்னு நினைக்கல. நீ இல்லாத மேஜைக்குப் பக்கத்துல என்னால உட்கார முடியாதுன்னு தோணிச்சு. இன்னிக்கும் முடியல. ஏத்துக்காதே.'

இருபது வருஷமாக என்னிடமும் பொய் சொல்லியிருக்கிறாள் என்று கோபம் வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நேராக லேபுக்கே போனேன். ஏப்ரனில் பல் தேய்த்த தூள் அப்பியபடி வந்து போனை வாங்கிப் படித்தவளைப் பார்த்ததும் கேட்க வாய் வரவில்லை.

"வேற எதுவும் எழுதலையா?"

"ஒரு வார்த்தைகூட இல்ல. ஏத்துக்கிட்டிருக்கா, அவ்வளவுதான். ஏன்க்கா, இது கோவமா, மன்னிப்பா?"

"தெரியலடி." போனைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு முறை படித்தாள். "எதுவா இருந்தாலும், படிச்சிருக்கால்ல. நாளைக்கும் பார்த்துச் சொல்லு."