பச்சைத் தலையணை மாதாவிடம் மகளை விற்று வாங்கியது

பாரிசுக்கு வரும் நண்பர்கள் ஓவியங்கள் பார்க்க வழி கேட்டால், நான் 1987ஆம் ஆண்டு வசந்தத்தில் போன பயணத்தைத்தான் சொல்வேன். நாங்கள் குடியிருந்த லா சப்பலிலிருந்து மெத்ரோ ரயிலில் அரை மணி நேரம். இதுவும் ஒரு பயணமா என்று கேட்கலாம். போன காரணத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் மகள் மாதம் நிரம்பாமல் பிறந்தவள். பால் குடிக்கவே தெம்பில்லை. என் மனைவி யோகம் அழுதழுது ஓய்ந்திருந்தபோது, மேல்மாடியில் இருந்த புதுச்சேரிக்காரர் பிலோமினா அக்கா ஒரு அஞ்சலட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். மரியாள் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பழைய இத்தாலிய ஓவியம். பச்சைத் தலையணையில் மல்லாந்து கிடக்கும் குழந்தை, தன் காலைத் தானே பிடித்தபடி குடிக்கிறது.

எங்கள் ஊரில் நோஞ்சான் பிள்ளையைக் கோயிலில் விற்று வாங்குவது வழக்கம். பூசகர் கையில் கொடுத்து, காசு வைத்துத் திரும்ப வாங்கினால், அது சாமி தந்த பிள்ளை. எமன் கிட்ட வரமாட்டான். யோகம் சைவக்காரி. ஆனாலும் அந்த அட்டையைப் பார்த்து நேர்ந்துவிட்டாள்: "இவள் பால் குடிச்சால் உன்னட்டையே வித்து வாங்குவன், தாயே."

மகள் குடித்தாள். கன்னமும் உப்பியது.

"பக்கத்துலயே சர்ச் இருக்கும்மா, அங்க செஞ்சுடலாம்" என்றார் அக்கா.

"இல்லை அக்கா. கேட்டது இந்தத் தாயிட்டை. அவவிட்டைத்தான் போகவேணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு, லா சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோவில் ஏறி, அடுத்த நிலையமான ஸ்தலின்கிராத்தில் ஏழாம் இலக்கத்துக்கு மாறி, பலே றோயாலில் இறங்கினோம். அட்டையின் பின்னால் அச்சிட்டிருந்த அருங்காட்சியகம், எதிரே தெரியும் பழைய அரண்மனைதான். அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசம், கூட்டமும் அதற்கேற்ப. வழி கேட்டுக் கேட்டு நடந்து கால் கடுத்தது. ஓவியமோ எங்கள் வீட்டுச் சாமிப்படம் அளவுதான். யோகம் கண்டவுடன் சப்பாத்தைக் கழற்றிவிட்டாள்.

நான் தடுப்பதற்குள் சால்வையை விரித்து, மகளைப் படத்துக்கு முன்னால் தரையில் கிடத்திக் கும்பிட்டாள். நரைத்த மீசைக் காவலர் ஒருவர் பதறி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினார். யோகத்தின் முகம் மலர்ந்தது. பூசகர் ஏற்றுக்கொண்டுவிட்டார்!

"இஞ்சாருங்கோ, காசைக் குடுங்கோ!"

பத்து பிராங்கை நீட்டினேன். அவர் முகம் சிவந்து, பிள்ளையை யோகத்திடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "காசு வாங்காமல் தந்தால் அது எங்கடை பிள்ளை இல்லை" என்று அழத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், இந்தக் குழந்தையை விலைக்கு வாங்குகிறேன் என்று விளக்கினேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, வாய மூடுங்க! போலீஸ் வந்துடும்!" பிறகு அவரே காவலரிடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

காவலர் படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தாள். காசை வாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பிள்ளையை யோகத்திடம் கொடுத்தார். மெல்ல ஏதோ சொன்னார்.

"என்னவாம் அக்கா?"

"அவருக்குக் குழந்த இல்லியாம். தினமும் இந்த அம்மா முன்னாலதான் நிக்கிறாராம். கேக்கணும்னு தோணவே இல்லியாம்."

பிள்ளையில்லாதவர் கண் படக்கூடாது என்பது ஊர்ப்பேச்சு. அதை நம்புகிறவள்தான் யோகம். ஒரு கணம் நின்றாள். பிறகு மகளைத் திரும்பவும் அவர் கையிலேயே வைத்தாள்.

"கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும் அக்கா. இப்ப எங்கடை பிள்ளைதானே."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். நடக்கத் தோதான சப்பாத்து போடுங்கள். காவலர்களுக்கு முதலில் ஒரு போன்ஜூர் சொல்லுங்கள். எதையும் தரையில் வைக்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளை. அந்த மனிதரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம் என்ற குறை எனக்கு உண்டு. அதன்பின் பலமுறை அந்தப் படத்தைப் பார்க்கப் போயிருக்கிறோம். மகளுக்கென்று யோகம் அங்கே எதுவும் கேட்டதில்லை, அவருக்குத்தான் கேட்பாள்.