தாடியோடு பதிந்த முகங்கள்

எங்கள் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கணினிக் கதவைத் திறந்துவிடுபவன் நான். இப்போது யாரும் டயல் செய்து நுழைவதில்லை. ஆனாலும் மென்பொருளில் அந்தப் பக்கத்துக்கு இன்றும் ‘டயல்-இன்’ என்றுதான் பெயர். நூற்றுக்கணக்கான பேருக்கும் ஒரே விதியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எனக்குத்தான் மண்டைக்கனம். ஒவ்வொருவர் பக்கத்தையும் தனியாகத் திறந்து, இவர் எப்போது நுழையலாம், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் துண்டிக்கலாம் என்று ஜாதகம் கணிப்பதுபோல் கணித்தேன்.

நுழைய, கைப்பேசியில் முகத்தைக் காட்ட வேண்டும். முகம் பொருந்தாவிட்டால் ரகசிய எண்ணைப் போடலாம் என்று ஒரு வசதி உண்டு. அது ஓட்டை என்று அத்தனை பேருக்கும் அடைத்தேன். இந்த விதிகளை மாற்ற இன்னொருவருக்கும் அதிகாரம் கொடுத்து வைக்கும்படி மேலாளர் சொன்னார். என்னைவிட யார் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

குளிர்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், மகள் டெங்கியில் படுத்தபோது தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டவர். தைப்பூசத்தன்று கிடங்குப் பொறுப்பும் அவருடையதுதான். எங்கிருந்தாலும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால்தான் அவரை மலைக்கு விட்டார்கள்.

“தம்பி, மலையில இருந்து உள்ள போவ முடியும்லா?”

“கண்ண மூடிக்கிட்டு ஏறுங்கண்ணே. நான் இருக்கேன்லா.”

எனக்கும் ஒரு பால்குடம் இருந்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் இருவரும் மொட்டை போட்டு, தாடியை வழித்து, சந்தனம் பூசிக்கொண்டோம். அவர் மகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். குடத்தைக் கையில் எடுத்த நேரத்தில் அண்ணனின் கைப்பேசி அலறியது. கிடங்கில் குளிர் குறைகிறது. மாற்று இயந்திரத்தை ஓட விட வேண்டும். முகத்தைக் காட்டினார். ஏற்கவில்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் காட்டினார். அப்போதும் ஏற்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லார் முகத்தையும் நான் பதிந்தது விரத காலத்தில். எங்கள் ஆட்கள் முகத்தில் கத்தி படாத நாட்கள் அவை. என் முகத்தை என் கைப்பேசியிடம் காட்டிப் பார்த்தேன். அது என்னையும் யாரென்று கேட்டது. திருத்த வேண்டுமானால் அலுவலகத்தில், முகம் கேட்காத என் மேசைக் கணினிக்குப் போனால்தான் உண்டு.

“நான் கெளம்புறேன் தம்பி. சரக்கெல்லாம் கெட்டுப் போயிரும்” என்று அண்ணன் குடத்தைக் கீழே வைக்கக் குனிந்தார். மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

“வைக்காதீங்கண்ணே. நான் போறேன்” என்று என் குடத்தை அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பாலம் தாண்டி மாக் மண்டினில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக நின்ற என்னை வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா உள்ளே விடவில்லை. அட்டையில் இருந்த படத்தையும் மொட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். என் மென்பொருளுக்குச் சளைத்தவர் இல்லை. குரலை வைத்து ஒருவழியாக விட்டார்.

அண்ணனின் பக்கத்தைத் திறந்து, நான் அடைத்த ஓட்டையை நானே திறந்துவிட்டு, அவரைக் கைப்பேசியில் அழைத்தேன். “எண்ணப் போடுங்கண்ணே.”

உறுமி மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது. “உள்ள போயிட்டேன் தம்பி. மெஷின் ஓடுது.”

“எங்க இருக்கீங்க?”

“படியிலதான். ஒங்க கொடத்த பாப்பா தூக்கிட்டு முன்னால ஏறுது. ஒங்க வேண்டுதல் என்னான்னு கேக்குது. சாமிகிட்ட சொல்லணுமாம்.”

என் வேண்டுதல், இந்தப் புது ஏற்பாடு ஒரு குறையுமில்லாமல் ஓட வேண்டும், எல்லாரும் என்னை மெச்ச வேண்டும் என்பது.

“பாப்பா நல்லாருக்கணும்னு சொல்லச் சொல்லுங்கண்ணே” என்றேன். பிறகு உட்கார்ந்து, மற்ற மொட்டைகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன்.