அம்மா கையில் எலுமிச்சம்பழம்

அன்று ஷோரூமுக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் போயிருந்தோம். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா வரவில்லை. பஸ் ஏறினாலே வாந்தியெடுக்கும் அம்மா, அக்கா வீட்டை இன்னும் பார்த்ததில்லை. அம்மாவுக்காகவே, புகை நாற்றமில்லாத மின்சாரக் கார் பார்த்தோம். எது எவ்வளவு தூரம் ஓடும் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருந்தேன்.

முதல் கார், ஆக்சிலரேட்டரிலிருந்து நான் காலை எடுத்தபோதெல்லாம் வெட்டி இழுத்தது. அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்தபடி, "நிறுத்துப்பா, கொமட்டுது" என்றாள்.

இரண்டாவது கார் கடலோரக் காரைக்கால்மேடு வரை ஓசையின்றி மிதந்தது. அலைச் சத்தம் உள்ளே கேட்டது. "இது ஓடுதா, நிக்குதாடா?" என்றார் அப்பா.

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பழம் மடியில் கிடந்தது.

"நோட்டெல்லாம் அப்புறம். அவள எழுப்பாம இன்னொரு சுத்து போ" என்றார் அப்பா.

அந்தக் காரையே எடுத்தோம். பதின்மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.