ஆடு நக்கிய பெஞ்சு

பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கடை போட்டிருக்கிறார்கள். கல்லும் பழைய இரும்பும் சேர்த்துச் செய்த நாற்காலி, மேசை, சிலை. சைக்கிள் சங்கிலியில் கழுத்து வைத்த கொக்கு ஒன்று நின்றது. ஆற்றுக்கல்தான் அதற்கு வயிறு. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் என் கண் போனது ஒரு பெஞ்சின் மேல். கல் பலகை. கீழே துருப்பிடித்த பெரிய பல்சக்கரம், இரண்டாக வெட்டிக் கால்களாக வைத்திருந்தார்கள். எனக்கு உடனே அதை நக்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. குனிந்தும் விட்டேன். "இன்னா சார், எதுனா விழுந்துடுச்சா?" என்றாள் கடைக்காரப் பெண். முதுகுவலி என்று ஏதோ உளறிவிட்டு நிமிர்ந்தேன்.

ஏன் நக்கத் தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் பைத்தியம் என்றுதான் நினைப்பீர்கள்.

என் இருபது வயதுகளில் ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தேன். தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். எனக்கு ஊறல் தொட்டியில் வேலை. உப்புப் போட்டு வரும் பச்சைத்தோலைத் தண்ணீரில் போட்டு, உப்பு இறங்கும்வரை தண்ணீர் மாற்ற வேண்டும். அந்த நாற்றத்தைப் பற்றி அழகாக எழுத எனக்கு வராது. நாற்றம் நாற்றம்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான் அதில் கிடைத்த சுகம்.

ஸ்டெல்லா அக்கா தோல் ஓரம் வெட்டும் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் உட்கார இடம் கிடையாது. தரையில் உட்கார்ந்தால் வாட்ச்மேன் விரட்டுவார்.

"இங்க குந்தாதம்மா, மொதலாளி கார் வர்ற நேரம்."

"அவரு கார்ல குந்திக்கினுதானே வர்றாரு? நான் தரையில குந்துனா அவருக்கு இன்னா கம்மியாவுது?" என்று அக்கா திருப்பிக் கேட்பார். பிறகு எங்களிடம் மட்டும் மெதுவாகச் சொல்வார்: "இந்தக் காலு போச்சுன்னா வேல போச்சுடா."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஃபிட்டர் தேவராஜ் அண்ணன், மேனேஜரிடம் நச்சரித்து ஒரு பெஞ்சு போட அனுமதி வாங்கிவிட்டார். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஒன்று உடைந்து, அதன் பல்சக்கரம் பின்பக்கம் கிடந்தது. அதை வெட்டிக் கால் செய்தார். மேலே வைக்க, தோல் குடோன் தரையிலிருந்து பெயர்த்துப் போட்டிருந்த கடப்பாக்கல். கேட்டுக்கு வெளியே அதை நிறுத்தியதும் அக்கா போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். "டேய், சோபாடா இது."

கொஞ்ச நாளில் ஆடுகள் வந்தன. முதலில் ஒன்று, அப்புறம் மந்தை. வந்து பெஞ்சை நக்கின. விரட்டினால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி நக்கின. காலையில் பார்த்தால் கல் வேர்த்திருந்தது. கல்லைத் தொடும் இடத்தில் மட்டும் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. எனக்கு மண்டை குடைந்தது. மழையில்லாமல் கல் வேர்க்குமா? வாட்ச்மேன் பேய் வேலை என்றார். பெண்கள் அண்ணனை ஓட்டி எடுத்தார்கள். "யோவ் ஃபிட்டரு, எங்களுக்கு பெஞ்சு பண்ணியா, ஆட்டுக்கு மிட்டாய் பண்ணியா?"

தாங்காமல் ஒருநாள் நானே கல்லில் நாக்கை வைத்தேன். உப்பு! வருஷக்கணக்கில் உப்புத்தோல் அடுக்கிய தரை அது, குடித்த உப்பையெல்லாம் இப்போது கக்குகிறது. நாள் முழுக்க உப்பிலேயே கிடக்கிற எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. மூக்கும் நாக்கும் அவ்வளவு மரத்துப்போயிருந்தன.

மேனேஜர் கத்தினார். "வெளிநாட்டுப் பார்ட்டி வர்ற நேரத்துல கேட்ல ஆட்டு மந்தையா? அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா தூக்கி எறிஞ்சிடுவேன்."

அண்ணன் முகம் செத்துப்போனது. அக்காதான் சொன்னார்: "இன்னாத்துக்குப் பேஜாராவுற? உப்புத்தோல இன்னா பண்றீங்க? அதையே பண்ணுங்க."

பழைய தொட்டியில் கல்லை இறக்கி நல்ல தண்ணீர் விட்டோம். தோலுக்கு மாற்றுவது போலவே மாற்றினோம். சாயங்காலமானால் அக்கா விரலால் கல்லைத் தொட்டு நாக்கில் வைப்பார். "இன்னும் ஜாஸ்தி." "அக்கா, கொழம்புக்குப் பத்துமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்பாள். அந்தத் தண்ணீரும் பாலாற்றுக்குத்தான் போயிருக்கும். ஒரு கல்லுக்கு இவ்வளவு மெனக்கெட்டோம். ஆற்றில் இறங்கிய உப்பை எடுக்க ஒருத்தனும் மெனக்கெடவில்லை.

கடைசியில் ஒருநாள் அக்கா உதட்டைப் பிதுக்கி, "சப்புனு கீது" என்றார். அண்ணன் துருவைச் சுரண்டி, கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே தோல் துண்டு கொடுத்து முடுக்கினார். ஓர் ஆடு வந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு நக்கு நக்கியது. எங்களை ஏமாற்றுக்காரர்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அக்கா உட்கார்ந்தார். வெளிநாட்டுக்காரர்களின் கார் உள்ளே நுழைந்தபோதும் எழுந்திருக்கவில்லை. வாட்ச்மேனும் விரட்டவில்லை.

பிறகு ஷாப்பை மூடினார்கள். தொட்டிகளில் மண்ணைக் கொட்டினார்கள். சாலையை அகலப்படுத்தியபோது ஜேசிபி பெஞ்சை வாரிக்கொண்டு போய்விட்டது. எங்கே போட்டார்கள் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் கடையில் அந்தப் பெஞ்சைப் பார்த்ததும் குனிந்துவிட்டேன். இப்போது ஷாப்பு கேட் இருந்த இடத்தில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. சாலை அவ்வளவு அகலம், ஆனால் உட்கார ஒரு கல் கிடையாது. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். வலது காலில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இடது காலுக்கு மாறினாள். பிறகு மறுபடி வலது காலுக்கு.