ஜீரோக்காவும் வைத்தியரும்

எங்கள் பட்டறையில் அந்த அக்காவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஜீரோக்கா என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். மாடியில், கண்ணாடி போட்ட அறையில் உட்கார்ந்து கீழே இருக்கும் கம்ப்யூட்டர் மெஷினுக்கு புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அதே அறையின் மூலையில் மைக்ரோமீட்டரும் கையுமாக அளவு பார்ப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கா அதைச் சகித்துக்கொள்வாள்.

"மெஷினுக்கு மூளை கிடையாதுடி. சொன்னா அப்படியே கேக்கும், அவ்வளவுதான்" என்பாள்.

அது உண்மைதான். இடவலத்துக்கு ஓர் எழுத்து, முன்பின்னுக்கு ஓர் எழுத்து, மேல்கீழுக்கு ஓர் எழுத்து, பக்கத்தில் எண்கள். இத்தனை மில்லி நகர், இந்த வேகத்தில் வெட்டு, மேலே வா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் அதுதான் புரோகிராம். ஆனால் எங்கிருந்து எண்ணுவது? அந்த இடத்துக்குத்தான் ஜீரோ என்று பெயர். எழுதுகிறவரும் ஓட்டுகிறவரும் ஒரே இடத்தை ஜீரோவாக நினைக்க வேண்டும். ஆளுக்கொன்றாக நினைத்தால், எண்ணெல்லாம் சரியாக இருந்தும் வேலை நாசம்.

அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுதியவர் கீழே இறங்கிப் போய், இரும்புக் கட்டையின்மேல் விரலை வைத்து "இதுதான் ஜீரோ" என்பார். ஓட்டுகிறவரும் அதே இடத்தில் விரலை வைத்து "இதுதான்" என்பார். அதற்குப் பிறகுதான் வேலை. புதிதாக வந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பழக்கத்தைக் கொண்டுவந்தவள் அக்காதான். பெயரும் அதில்தான் ஒட்டிக்கொண்டது.

மெஷினை ஓட்டியவர் அவள் கணவர். வெட்டு ஓடும்போது மெஷின் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நிற்பார். அதனால் அவர் வைத்தியர். "நாடி எப்படி ஓடுது வைத்தியரே?" என்று லேத்காரர் வம்பிழுப்பார். இவர் சிரித்த முகத்தோடு "ம்" என்பார். எதைக் கேட்டாலும் அந்த "ம்"தான். அலட்டிக்கொள்ளாத மனுஷன் என்று பட்டறையே மெச்சிக்கொண்டது. புருஷன் பெண்டாட்டி என்பதால் இவர்களுக்குள் விரல் வைப்பது மட்டும் மெல்ல நின்றுபோனது. வீட்டிலோ வழியிலோ பேசி முடித்துவிடுவார்கள்.

அன்று வந்தது பழகிய வேலை, பம்ப் மூடி. அதற்கு எப்போதும் கட்டையின் அடிப்பக்கம்தான் ஜீரோ. இந்தத் தடவை வந்த கட்டைகளுக்கு அடிப்பக்கம் கரடுமுரடாக இருந்ததால், அக்கா மேல்பக்கத்தை ஜீரோவாக வைத்துப் புதிதாக எழுதியிருந்தாள்.

"வைத்தியர்கிட்ட சொல்லிட்டியாக்கா?"

"ஸ்கூட்டர்ல வரும்போதே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ம்னாரு."

புரோகிராமின் முதல் அசைவு, ஜீரோவுக்கு இரண்டு மில்லி மேலே, இரும்பை வெட்டும் கட்டர் வேகமாக இறங்கி நிற்பது. மேல்பக்கம் ஜீரோ என்றால் கட்டர் இரும்பைத் தொடாது. அடிப்பக்கம் ஜீரோ என்றால், அந்த இரண்டு மில்லி கட்டையின் வயிற்றுக்குள் இருக்கிறது.

அக்கா டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் கட்டையை வைத்து இறுக்கினார். மேல்பக்கத்தைத் தொட்டு ஜீரோ எடுக்கவே இல்லை. பழைய ஜீரோவிலேயே கதவைச் சாத்தினார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டன் கீழே, அவர் கைப்பக்கத்தில் இருந்தது. மாடியில் இருந்தது மைக் மட்டும்தான்.

"ஏங்க, நிறுத்துங்க. தொடாதீங்க."

ஒலிபெருக்கியில் அவள் குரல் பட்டறை முழுக்க அதிர்ந்தது. லேத்காரர் திரும்பினார். கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு திரும்பினாள். எல்லார் காதிலும் இரைச்சலுக்கான அடைப்பான் இருந்தது, இருந்தும் எல்லாரும் திரும்பினார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. உள்ளங்கையைக் கதவில் வைத்து, மறுகையால் பச்சைப் பட்டனை அழுத்தினார்.

சத்தம் மாடிப்படிவரை இடித்தது. கட்டர் தூள், அதைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டிலும் போய்விட்டது. எங்கள் பட்டறையில் அதைவிட விலை உயர்ந்த பொருள் கிடையாது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்கலடி அவருக்கு" என்றாள் மெதுவாக. "வீட்டுல டிவிய அலற விடறது, எப்பவும் ஒரே காதை மேல வச்சு ஒருக்களிச்சுப் படுக்கறது... எனக்கு ஏன் தோணவே இல்ல?"

படியிறங்கும்போது என் கையை வலிக்கப் பிடித்தாள். "நீ வாயத் திறக்கக் கூடாது. தெரிஞ்சா இனி எந்த மெஷின்லயும் அவரை நிக்க விடமாட்டாங்க. நான் எங்கயாவது போய் எழுதிப் பொழச்சுக்குவேன்."

வாய் நீளம் என்று பெயரெடுத்தவள் நான். அன்றைக்குப் பார்த்து ஊமையாக நின்றேன். அவள் மேலும் கோபம், அவர் மேலும் கோபம், யாரிடம் காட்ட?

முதலாளி எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஜீரோவை மாத்துனது நீதானம்மா. அவர்கிட்ட சொன்னியா?"

"சொல்லல சார். மறந்துட்டேன்."

அவள் தலை குனிந்தபடி சொன்னதால் வைத்தியருக்கு உதடு தெரியவில்லை. அவர்கள் இருவரும் பேசுவதை அவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "அப்படியா? உங்ககிட்ட சொல்லவே இல்லியா?"

வைத்தியர் வழக்கமான சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "ம்" என்றார்.

வெளியே வந்ததும் அவர் அக்காவின் காதருகே குனிந்தார். ரகசியம் பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு, ஆனால் நடைபாதை முழுக்கக் கேட்டது. "அவரு என்ன கேட்டாரு?"

அக்கா நடப்பதை நிறுத்தினாள். அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னாள். "எனக்கு வேலை போயிடுச்சு."

இந்தத் தடவை அவர் "ம்" சொல்லவில்லை.