எதிர்வீட்டுச் சங்கு

நான்கு வருடங்களுக்கு முன், கணவருக்கு மத்திய அரசு வேலையில் மாற்றலாகி, கொல்கத்தா பவானிபூரில் நாங்கள் குடியேறிய புதிதில் நடந்தது இது. என் மகள் எட்டாவது மாதமே பிறந்துவிட்டாள். மூன்று வாரம் இன்குபேட்டரில் வைத்திருந்து, இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். துணிச்சுருளுக்குள் முகம் மட்டும் தெரிய அவளை ஏந்திக்கொண்டு மூன்றாவது மாடியில் லிஃப்டை விட்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த வங்காளி அம்மா, கையில் வைத்திருந்த சங்கை எடுத்து நீளமாக ஊதினார்.

எனக்கு விருதுநகர்ப் பக்கம். எங்கள் தெருவில் சங்குச் சத்தம் கேட்டால், யார் வீட்டில் சாவு என்றுதான் கேட்போம். அவர் மறுபடி ஊதுவதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டேன்.

இங்கே பல வீடுகளில் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் சங்கு ஊதுவார்கள், கல்யாணத்துக்கும் ஊதுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள். ஒரு சத்தம் குழந்தையை என்ன செய்துவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பொழுது சாயும்போதே மகளைத் தூக்கிக்கொண்டு, சத்தம் எட்டாத பின்பக்க பாத்ரூமில் போய் நிற்பேன். அவளுக்கு எடையும் ஏறவில்லை. பாலாடையில் புகட்டுவதில் பாதி வெளியே வந்துவிடும். என் கணவர் சிரிப்பார். ஊரிலிருந்து அம்மா போனில் சத்தம் போட்டார். "பச்சமண்ணு இருக்குற வீட்டுக்கு எதுக்க நின்னு சங்கூதுறா, நீ வாய மூடிட்டு உக்காந்திருக்கியாக்கும்?"

மறுநாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சங்குச் சத்தத்தில் குழந்தை பயந்து அழுகிறாள் என்று அரைகுறை இந்தியில் ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் "அச்சா, அச்சா" என்று சரி சொல்லித் தலையசைத்தார். அன்று முதல் மற்ற வீட்டுச் சங்குகள் எங்கோ தூரத்தில் கேட்டன. எங்கள் மாடி மட்டும் அமைதியாகிவிட்டது.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. பிறகு ஒருநாள் சாயங்காலம் குப்பைக்கூடையை வெளியே வைக்கப் போனேன். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் விளக்கேற்றிவிட்டுச் சங்கை எடுத்தார். நெற்றியில் ஒற்றிக்கொண்டார். ஊதாமலே துணியில் சுற்றி வைத்தார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டு, "பொண்ணு இப்போ பயப்படாம தூங்குறாளா?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அன்றைக்கு ஏன் வாசலில் நின்று ஊதினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல பையன் பொறந்தாதான் சங்கு. எனக்குப் பொண்ணு பொறந்தப்போ மாமியார் சங்கைத் தொடவே விடல. அக்கம்பக்கத்துல எந்தப் பொண்ணு பொறந்தாலும் இனிமே நான் ஊதுவேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உம் பொண்ணுக்கு அஞ்சு தடவை ஊதணும்னு மதியத்துலேர்ந்து காத்திட்டிருந்தேன். நீ ஒண்ணுலயே கதவைச் சாத்திட்ட!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் சங்கு எதற்கு ஊதுவார்கள் என்பதை அப்போதுதான் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்பதுபோல் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார்.

"மா கோ! இத்தனை நாளும் இதை நெனச்சுக்கிட்டா உக்காந்திருந்த? எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? இனிமே நான் ஊதவே மாட்டேன்."

வீட்டுக்குள் போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "இன்னும் நாலு பாக்கி இருக்கே, காக்கிமா" என்றேன். சித்தி என்று நாம் கூப்பிடுகிற மாதிரி இங்கே அந்த வார்த்தை. அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் என் முகத்தை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் சங்கை எடுத்தார். நான்கு முறையும் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். மகள் அழவே இல்லை. கண்ணைத் திறந்து சத்தம் வந்த பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதன்பின் அவள் எடை மெல்ல மெல்ல ஏறியது. சங்கினால்தான் என்று சொல்லமாட்டேன். டாக்டர் சொன்னபடி நாளாக நாளாக ஏறியது. இப்போது விளக்கு வைக்கும் நேரமானால் எதிர்வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறாள், காற்றுதான் வருகிறது. "எச்சிலால அபிஷேகம் பண்றா" என்கிறார் காக்கிமா.

சங்கு முதல் தடவை ஒலிக்கும்போது இன்றும் எனக்குத் திக்கென்கிறது. சின்ன வயதில் மனதுக்குள் போனது அவ்வளவு லேசில் வெளியே வராது போலிருக்கிறது. ஆனால் என் மகள் பிறந்ததைக் கொண்டாட மதியத்திலிருந்து வாசலில் காத்து நின்ற ஒருவரின் முகத்துக்கு எதிரே நான் சாத்திய கதவும் உடனே நினைவுக்கு வந்துவிடுவதால், அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவை நான் திறந்தே வைக்கிறேன்.